த்ரில்லர் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசும் சின்னக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். த்ரில்லர் போட்ட நாளில் பேச்சு நள்ளிரவு வரை நீளும். ஆனால் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டு வருகிற தம்பி தங்கைகளும் அவற்றையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய படங்கள் சிலவற்றின் முக்கியமான கட்டங்களை உடைத்துச் சொல்லாமல் இதை விளக்க முடியவில்லை. பார்க்காத படத்தின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து படித்துக்கொள்ளலாம்.

த்ரில்லர்னா சரியா என்ன? சண்டை, துரத்தல், துப்பாக்கி இருந்தா த்ரில்லரா?

அவை எதுவும் இல்லாமலும் த்ரில்லர் எடுக்கலாம். ஓர் ஆபத்து வரப்போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும்; அது வந்து சேர்வதற்குள் தடுக்க முடியுமா என்ற தவிப்பு படம் முழுக்க ஓட வேண்டும். அவ்வளவுதான். ஆக்‌ஷன் படத்தில் அடி விழும்போது கை தட்டுகிறோம். த்ரில்லரில் ஓங்கிய கை இறங்குமா இறங்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. 1913-இல் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் ‘சஸ்பென்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மௌனப் படம் எடுத்தார். ஓடுவது சுமார் 10 நிமிடம். ஒதுக்குப்புறமான வீட்டில் கைக்குழந்தையோடு தாய், உள்ளே நுழைய வழி தேடும் நாடோடி, தொலைபேசியின் மறுமுனையில் கணவன். திரையை முக்கோணமாகப் பிரித்து மூவரையும் ஒரே சமயத்தில் காட்டியிருப்பார். கணவன் கண்ணில் பட்ட யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு விரைய, காரைத் திருடிவிட்டான் என்று போலீஸ் அவனைத் துரத்தும். தனிமை, தொலைபேசி, நேர நெருக்கடி, தவறாகத் துரத்தப்படும் நல்லவன் என்று இன்றும் நாம் பார்க்கிற சங்கதிகளில் பாதி அந்த 10 நிமிடத்திலேயே இருக்கிறது.

பேய்ப்படத்துலயும் பயம்தான், இதுலயும் பயம்தான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

திகில் படத்தில் அந்தக் கொடுமை நம் கண்ணெதிரே வந்து நிற்கும். அதன் உருவம், ரத்தம், அருவருப்பு எல்லாம் சேர்ந்துதான் நம்மைத் தாக்கும். த்ரில்லரில் ஆபத்து பெரும்பாலும் மனிதர்களிடமிருந்து வருவது. புத்தியால் அதை வெல்ல வழி இருப்பது. பேயிடம் பேரம் பேச முடியாது. பிணைக் கைதியைப் பிடித்து வைத்திருப்பவனிடம் பேசலாம், ஏமாற்றலாம், நேரம் கடத்தலாம். இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை, பல படங்கள் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும்.

கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற மர்மப் படமும் த்ரில்லரும் ஒண்ணுதானே?

மர்மப் படத்தில் கேள்வி பின்னோக்கிப் போகும்: யார் செய்தது, எப்படிச் செய்தது? பிணம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. துப்பறிபவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும்; பல நேரம் அதைவிடக் குறைவாகவே தெரியும். த்ரில்லரின் கேள்வி முன்னோக்கிப் போகும்: அடுத்து என்ன ஆகும்? கொலைகாரன் யார் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டும் இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைக்க முடியும். அடுத்த பதிலைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும்.

சஸ்பென்ஸ்னா கடைசி வரைக்கும் சொல்லாம மறைச்சு வைக்கிறதுதானே?

நேர் எதிர். முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் சஸ்பென்ஸ். அதிகம் பேர் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1962-இல், த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கை பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ நாள் கணக்கில் பேட்டி எடுத்தார். அதில் ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் இது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு. நமக்கு அது தெரியாது. திடீரென்று வெடிக்கிறது. 15 நொடி அதிர்ச்சி, அதோடு சரி. இப்போது அதே காட்சியை வேறு மாதிரி எடுப்போம். ஒருவன் குண்டை வைத்துவிட்டுப் போவதை நாம் பார்த்துவிட்டோம். ஒரு மணிக்கு வெடிக்கும் என்று தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். அந்த இரண்டு பேரும் பேசும் அதே வெட்டிப் பேச்சு இப்போது நம் வயிற்றைப் பிசைகிறது. ‘பேச்சை நிறுத்துங்கப்பா, கீழே பாருங்க’ என்று கத்தத் தோன்றுகிறது. 15 நொடி அதிர்ச்சிக்குப் பதில் 15 நிமிடப் பதற்றம்.

பேச்சு மாறவில்லை, நடிப்பு மாறவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தகவல் மட்டும் கூடியிருக்கிறது. நாயகனுக்கு என்ன தெரியும், வில்லனுக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும் என்ற இந்த மூன்று கணக்கையும் ஒவ்வொரு காட்சியிலும் இயக்குநர் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். த்ரில்லரின் மற்ற வழக்கங்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து கிளைத்தவை என்றே நான் நம்புகிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த குண்டு கடைசியில வெடிக்கணுமா, வெடிக்கக் கூடாதா?

ஹிட்ச்காக்கே இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டார். 1936-இல் வந்த ‘சபோடாஜ்’ படத்தில், வெடிகுண்டு இருப்பது தெரியாமல் ஒரு சிறுவன் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் குறுக்கே போகிறான். ஒன்றே முக்கால் மணிக்கு வெடிக்கும் என்று நமக்குத் தெரியும். தெருவில் வித்தை காட்டிப் பொருள் விற்பவன் அவனைப் பிடித்து நிறுத்துகிறான். ஊர்வலம் வழியை மறிக்கிறது. பேருந்து நெரிசலில் மாட்டுகிறது. கடைசியில் பேருந்திலேயே குண்டு வெடித்துப் பையன் செத்துப்போகிறான். பார்த்தவர்களுக்குப் பொறுக்க முடியாத கோபம். அப்படி வெடிக்க விட்டது தப்பு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு நேரம் பதறவைத்ததற்கு ஏதாவது ஒரு விடுதலை தர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். குண்டு வெடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், அந்தச் சாவின் கனத்தை மிச்சப் படம் சுமக்க வேண்டும். அடுத்த காட்சியில் ஆளாளுக்குச் சிரித்துப் பேசினால் பார்ப்பவருக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும்.

எல்லாப் படத்துலயும் ஏன் ஒரு கெடு? ‘24 மணி நேரம் டைம்’னு யாராவது போன்ல சொல்லிடறாங்க

கெடு இல்லாவிட்டால் நாயகன் நாளைக்குச் செய்யலாமே! நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தடங்கலும் பெரிதாகும். ‘ஹை நூன்’ (1952) வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம்தான். ஆனால் நடுப்பகல் ரயிலில் எதிரி வந்து இறங்கப்போகிறான் என்ற ஒற்றைக் கெடுவை வைத்து, 85 நிமிடப் படத்தைக் கிட்டத்தட்டக் கதையில் கழியும் நேரத்தோடு நேரமாக ஓட்டினார்கள். சுவர்க் கடிகாரங்கள் அதில் ஒரு பாத்திரம் மாதிரியே வந்துகொண்டிருக்கும்.

சிவப்பு எண்கள் குறைகிற டைமர் எனக்குச் சலித்துவிட்டது. கெடு என்றால் கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் ஒரு விருந்து. நாயகி தன் கணவனின் சாவிக்கொத்திலிருந்து மது நிலவறைச் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். மாடியின் உயரத்திலிருந்து கூட்டத்தை மொத்தமாகக் காட்டும் கேமரா, வெட்டாமல் இறங்கி இறங்கி அவள் கைக்குள் இருக்கும் அந்தச் சாவியில் வந்து நிற்கும். இனி கெடு எது தெரியுமா? விருந்தில் வைத்திருக்கும் ஷாம்பெய்ன் பாட்டில்கள். தீர்ந்துபோனால் கணவன் நிலவறைக்கு வருவான். தட்டில் பாட்டில் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்க்கப் பார்க்க நமக்கு வேர்க்கிறது. டைமர் வைக்கத் தோன்றும்போதெல்லாம் அந்த பாட்டில்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹீரோ ஏன் நேரா போலீஸுக்குப் போக மாட்டேங்கிறான்?

போனால் படம் முடிந்துவிடும் என்பது கேலியான பதில். உண்மையான பதில், அந்தக் கதவை இயக்குநர் முன்னாலேயே அடைத்தாக வேண்டும் என்பது. அடைக்கச் சில பழகிய வழிகள் உண்டு. போலீஸ் தேடுவதே அவனைத்தான். அல்லது சொன்னால் யாரும் நம்பாத கதை. அல்லது போலீஸிலேயே எதிரிக்கு ஆள் இருக்கிறது. அல்லது பிள்ளை அவர்கள் கையில்.

செய்யாத குற்றத்துக்குத் துரத்தப்படும் சாதாரண மனிதன் இந்த வகைக்கு இவ்வளவு பொருந்திப்போனதற்கும் இதுதான் காரணம். அவனுக்குப் பின்னால் சட்டம், முன்னால் சதிகாரர்கள், நிற்க இடமில்லை. பயிற்சி பெற்ற உளவாளி ஓடினால் வேடிக்கை பார்ப்போம். கணக்கு எழுதுகிறவரோ ஆசிரியரோ ஓடினால் நாமே ஓடுகிற மாதிரி இருக்கும். ‘போலீஸுக்கு ஏன் போகலை’ என்று பார்ப்பவர் மனதில் கேள்வி எழுவதற்குள் பதில் வந்துவிட வேண்டும். எழுந்த பிறகு சொன்னால் அது சாக்கு மாதிரிதான் கேட்கும்.

செல்போன் வந்தப்புறம் இதெல்லாம் செல்லுமா? ஒரு கால் பண்ணா முடிஞ்சு போற விஷயம்

‘சிக்னல் இல்லை’, ‘சார்ஜ் இல்லை’ இரண்டும் அரதப் பழசாகிவிட்டன. மேலே சொன்ன கதவு விஷயம்தான் இங்கேயும்: ஒரு வழியை அடைக்க வேண்டும், அடைத்தது தெரியக் கூடாது. புத்திசாலிகள் போனைப் பிடுங்காமல் அதையே ஆபத்தாக்குகிறார்கள். கையில் இருக்கும் போன்தான் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, ஒளிந்திருக்கும்போது அதிர்கிறது, தெரியாத எண்ணிலிருந்து நம் வீட்டு வாசல் படம் வருகிறது. ‘சர்ச்சிங்’ (2018) என்ற படம் முழுக்க கணினி, போன் திரைகளிலேயே ஓடியது. மகளைத் தேடும் அப்பா ஒரு செய்தியைத் தட்டச்சு செய்கிறார், அழிக்கிறார், மறுபடி தட்டுகிறார். அந்த மின்னும் கோட்டிலேயே அவர் மனசு தெரிந்துவிடும்.

எல்லாரும் ஒரு பெட்டிக்காக அடிச்சிக்கிறாங்க, உள்ள என்ன இருக்குன்னு கடைசி வரை சரியா சொல்லலையே?

அதற்கு ‘மக்கஃபின்’ என்று பெயர். இந்தச் சொல்லைப் பரப்பியவரும் ஹிட்ச்காக்தான். பாத்திரங்களுக்கு அது உயிர். நமக்கு அது எதுவானாலும் ஒன்றுதான். ரகசியக் காகிதம், மைக்ரோஃபிலிம், வைரம், பென் டிரைவ் என்று காலத்துக்குக் காலம் உருவம் மாறும். மேலே சொன்ன ‘நொட்டோரியஸ்’ படத்தில் மது பாட்டிலுக்குள் யுரேனியத் தாது. அந்த யோசனை தயாரிப்பாளருக்குப் பிடிபடாதபோது, யுரேனியம் வேண்டாமென்றால் தொழிற்சாலை வைரம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாராம் ஹிட்ச்காக். அந்த அளவுக்கு அது மாற்றத்தக்க பொருள். நிலவறைக்குள் நுழைந்தவர்கள் மாட்டிக்கொள்வார்களா என்பதுதான் நமக்குக் கவலை.

வில்லன் எல்லாத்தையும் பத்து அடி முன்னாடியே கணக்கு போட்டு வச்சிருக்கானே, நம்பற மாதிரியா இருக்கு?

வில்லன் பலமாக இருந்தால்தான் நாயகனுக்கு மதிப்பு. அதனால் அவனைக் கெட்டிக்காரனாக வைப்பது நியாயம். ஆனால் நாயகன் எந்தத் தெருவில் திரும்புவான், எந்த நிமிடம் கோபப்படுவான் என்பதெல்லாம் திட்டத்தில் இருந்தது என்று கடைசியில் சொன்னால், அது கெட்டிக்காரத்தனம் ஆகாது. எழுதியவர் வில்லனுக்குத் திரைக்கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். திட்டம் ஓரிடத்தில் பிசகி, வில்லன் பதறி, அந்த நொடியில் வேறு வழி கண்டுபிடிப்பதைக் காட்டும் படங்களில்தான் எனக்கு அவனிடம் உண்மையான பயம் வருகிறது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கதை முழுக்க விளக்கும் வில்லனைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். படம் வழியில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதன் கடன் அது.

அவன் முகத்தை முதல்லயே காட்டிடலாமா, இல்ல மறைக்கணுமா?

இரண்டும் செல்லும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: அடையாளத்தை மட்டும் காட்டுவது. ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்தில் பிள்ளைகளைக் கொல்பவன் முதலில் வெறும் நிழலாகத்தான் வருகிறான். அவனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் சுவரொட்டி மேலேயே அந்த நிழல் விழும். சிறுமி செத்துப்போனதையும் காட்ட மாட்டார். புதருக்குள்ளிருந்து அவள் பந்து உருண்டு வந்து நிற்கும். அவன் வாங்கிக் கொடுத்த பலூன் கம்பியில் சிக்கித் தவித்துவிட்டுப் பறந்து போகும். வீட்டில் அவளுக்காக வைத்த தட்டு காலியாகக் கிடக்கும்.

பிறகு அவன் சீட்டியடிக்கும் ஒரு மெட்டு. எட்வர்ட் கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளருடையது. அந்தச் சீட்டி கேட்டாலே நமக்கு முதுகு சில்லிடுகிறது. கடைசியில் அவனை அடையாளம் காண்பதும் அதே சீட்டியைக் கேட்கிற ஒரு பார்வையற்ற பலூன் வியாபாரிதான். பேசும் படம் வந்து சில வருடங்களுக்குள் ஒலியை வைத்து இப்படி ஒரு முடிச்சா என்று நான் இன்னும் வியக்கிறேன்.

பின்னணி இசையை எடுத்துட்டா பயமே வராது. அப்போ அது ஏமாத்து வேலைதானே?

இசையை மட்டுமே நம்பிய காட்சி என்றால், ஆமாம். ஆனால் ‘சைக்கோ’ (1960) குளியலறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதி வந்து போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனசை மாற்றிக்கொண்டார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்த வயலின் கீறல் இல்லாமல் இன்று அந்தக் காட்சியை நினைக்கவே முடியாது.

அதே இருவர் முந்தைய வருடம் சேர்ந்து வேலை செய்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் நேர்மாறு. பட்டப்பகல், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஒளிய ஒரு மரம்கூட இல்லை. மருந்தடிக்கும் குட்டி விமானம் ஒன்று நாயகனைத் துரத்துகிறது. அது லாரியில் மோதும் வரை இசை கிடையாது. இன்ஜின் இரைச்சல் மட்டும்தான். மழை, இருட்டு, சந்து இல்லாமல் பயம் வராதா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் காட்சியையே போட்டுக் காட்டுகிறேன்.

திடீர்னு பூனை குதிக்கும், நாம அலறுவோம், ஒண்ணும் இருக்காது. இது எதுக்கு?

இறுக்கிப் பிடித்த கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த. தளர்ந்த நொடியில் நிஜ ஆபத்து வந்தால் இரட்டை அடி. ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் இரவில் தனியே நடக்கும் பெண்ணின் பின்னால் காலடி ஓசை கேட்டுக்கொண்டே வந்து, சட்டென்று நின்றுபோகும். அவள் ஓடத் தொடங்குவாள். ஒரு சீறல்! பார்த்தால் பேருந்து வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்திக்கே ‘லூட்டன் பஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு படத்தில் ஒருமுறை செய்யலாம். மூன்றாவது பூனைக்கு யாரும் அலற மாட்டார்கள்.

தனியா, அதுவும் ராத்திரியில, அந்த வீட்டுக்குள்ள அந்தப் பொண்ணு ஏன் போறா? புத்தி வேணாமா?

போவதற்குக் காரணம் வேண்டும். உள்ளே தங்கை இருக்கிறாள், ஆதாரம் இருக்கிறது, இன்றைக்கு விட்டால் நாளை கிடைக்காது என்று ஏதாவது ஒன்று. ஆபத்து தெரிந்தும் போகிறாள் என்றால் துணிச்சல், நமக்கு மட்டுமே ஆபத்து தெரியும் என்றால் சஸ்பென்ஸ். இரண்டும் இல்லாமல் சத்தம் கேட்டது என்று சும்மா போனால், நீங்கள் கேட்கிற கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பெண் பாத்திரத்தை முட்டாளாக்கி மாட்டிவிடும் வழக்கம் இந்த வகைக்குள் நெடுநாள் ஓடியது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

ரெண்டு இடத்துல நடக்கிறதை மாத்தி மாத்திக் காட்டுறாங்களே, அதுல ஏதாவது தந்திரம் இருக்கா?

காப்பாற்ற வருபவரையும் காத்திருப்பவரையும் மாறி மாறிக் காட்டுவது 1913-க்கும் முந்திய உத்தி. பார்த்துப் பார்த்து நமக்கு அது பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தையே பொறியாக்கலாம். ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) படத்தில் ஆயுதம் தாங்கிய படை ஒரு வீட்டைச் சூழ்கிறது. கொலைகாரன் வீட்டுக்குள் மணி அடிக்கிறது. மாறி மாறிக் காட்டுவதால் இரண்டும் ஒரே வீடு என்றே எடுத்துக்கொள்கிறோம். படை கதவை உடைத்தால் உள்ளே யாரும் இல்லை. கொலைகாரன் கதவைத் திறந்தால் வாசலில் நாயகி தன்னந்தனியாக நிற்கிறாள். ஒரு வசனமும் பொய் சொல்லவில்லை. பழக்கத்தால் நாமேதான் நம்மை ஏமாற்றிக்கொண்டோம்.

விசாரிக்கிற அதிகாரிக்கு ஏன் எப்பவும் ஒரு சோகம்? மனைவி இல்ல, தூக்கம் இல்ல, குடி வேற

வழக்கு அவருக்கு வெறும் வேலை இல்லை என்று காட்டத்தான். பழைய காயம் ஒன்றை இந்த வழக்கு கீறினால் அவர் பின்வாங்க முடியாது. ஆனால் இன்று அந்தச் சோகத்தைச் சட்டை மாதிரி எடுத்து மாட்டிவிடுகிறார்கள். சோகத்தை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் சோகம் தேவையில்லை.

நல்ல ட்விஸ்ட் எது, ஏமாத்து எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டாம் முறை பாருங்கள். நல்ல திருப்பம் என்றால், ‘அட, அப்பவே சொன்னாங்களே!’ என்று காட்சிக்குக் காட்சி கண்ணில் படும். தகவல் நம் முன்னால்தான் இருந்தது. வேறு எதையோ பார்க்க வைத்துவிட்டார்கள். ஏமாற்று என்றால், கடைசி ஐந்து நிமிடத்தில் இரட்டைச் சகோதரன் முளைப்பான்.

ஃப்ளாஷ்பேக்கில் பொய் காட்டலாமா என்பது இதில் நுட்பமான கேள்வி. பாத்திரம் வாயால் பொய் சொன்னால் ஏற்கிறோம். அதையே கேமரா காட்டினால் உண்மை என்று நம்பிவிடுகிறோம். ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) தொடக்கத்தில் பொய்யான ஃப்ளாஷ்பேக் வைத்ததற்குப் பார்வையாளர்கள் மன்னிக்கவில்லை. செய்திருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக்கும் சொன்னார். என் கருத்து வேறு. ‘அந்த நாள்’ (1954) போல, ஒரே கொலையை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், எதைக் காட்டினாலும் அது இன்னாரின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்வோம். எச்சரித்துவிட்டுக் காட்டும் பொய் நியாயமானது.

பாட்டு, காமெடி வந்தா டென்ஷன் போயிடாதா?

இப்போது சொன்ன ‘அந்த நாள்’ பாட்டே இல்லாமல் எடுத்த படம். எஸ். பாலசந்தர் 1954-லேயே அந்தத் துணிச்சலைக் காட்டினார். சிரிப்பைப் பொறுத்தவரை, பூனைக்குச் சொன்ன பதில்தான். தளர்த்திவிட்டு உடனே இறுக்கத் தெரிந்தவர் தாராளமாகச் சிரிக்க வைக்கலாம்.

ட்விஸ்ட்டை நடுவுலயே உடைச்சா படம் என்ன ஆகும்?

நன்றாகவும் ஆகலாம். ‘வெர்டிகோ’ (1958) தன் ரகசியத்தை மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததுமே நமக்குச் சொல்லிவிடுகிறது, நாயகனுக்குச் சொல்லவில்லை. மூன்று கட்டக் கணக்கு நினைவிருக்கிறதா? ‘இவள் யார்’ என்ற மர்மம் அந்த நொடியோடு முடிந்து, ‘தெரிய வந்தால் இவன் என்ன செய்வான்’ என்ற தவிப்பு தொடங்குகிறது. கடைசி வரை இழுத்திருந்தால் கிடைத்திருப்பது ஒரே ஒரு அதிர்ச்சி.

சில சமயம் வில்லன் மாட்டிக்கக் கூடாதுன்னு மனசு துடிக்குதே, நமக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ (1951) படத்தில், அப்பாவி நாயகன் மேல் பழி போட வேண்டிய சிகரெட் லைட்டரை வில்லன் சாக்கடைக் கம்பி வழியே தவறவிடுகிறான். கையை உள்ளே விடுகிறான். விரல் நுனி படுகிறது. லைட்டர் நழுவி இன்னும் ஒரு படி கீழே விழுகிறது. முகம் கம்பியில் அழுந்த, தோள் வரை நுழைத்து எட்டுகிறான். அவன் எடுத்தால் நாயகன் தொலைந்தான் என்று தெரியும். ஆனாலும் நம் விரல்களும் சேர்ந்து நீள்கின்றன. யாருடைய முயற்சியை நெருக்கத்தில், விரல் விரலாகக் காட்டுகிறார்களோ, அவர் பக்கம் நம் உடம்பு சாய்ந்துவிடும். நல்லவன் கெட்டவன் என்ற தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. இந்தப் பலம் இயக்குநர் கையில் இருக்கிறது என்பதால்தான், கொலையை ரசிக்க வைக்கும் படங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

முடிவு தெரிஞ்ச படத்தைத் திரும்பப் பார்த்தாலும் ஏன் பதறுது?

படிப்பாளிகள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ (1973) எங்கள் குழுவில் போட்டோம். பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை. அதிபர் 1970-இல் இயற்கையாகத்தான் இறந்தார். படம் வந்த காலத்திலேயே எல்லோருக்கும் முடிவு தெரியும். ‘ஹை நூன்’ எடுத்த அதே ஃப்ரெட் ஜின்னமன்தான் இயக்குநர். கொல்வானா என்று அவர் கேட்கவே இல்லை. எப்படிச் செய்யப்போகிறான் என்று ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார்: போலிக் கடவுச்சீட்டு, பிரித்துப் பூட்டும் துப்பாக்கி, மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தர்ப்பூசணி மேல் குறிபார்க்கும் பயிற்சி. அந்தப் பழம் வெடித்துச் சிதறும்போது அடுத்து அங்கே யார் தலை என்று மனசு தானாக வைத்துப் பார்த்துக்கொள்கிறது.

கடைசிக் காட்சியில் அதிபர் ஒரு பழைய வீரருக்குப் பதக்கம் குத்துகிறார். குறிக்கண்ணாடிக்குள் அவர் தலை வந்து நிற்கிறது. அன்றைக்கு அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதை முன்பே பார்த்தவர்கள். இருந்தும் என் பக்கத்தில் இருந்த பெரியவர், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, ‘குனிங்கய்யா, குனிங்க’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிபர் அந்த வீரரை முத்தமிடக் குனிந்தார். குண்டு தலைக்கு மேலே போய்விட்டது.